ஈரம் கழித்த எடைச்சீட்டு

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், பூட்டினேனா இல்லையா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என் வீட்டுக்காரர் நேர் எதிர். ஆபீஸ் சாவியை டீக்கடை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார். கடை அண்ணாச்சி மூச்சு வாங்க மாடியேறி வந்து கொடுத்துவிட்டுப் போவார். இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து ஒரே புரோகிராமை எழுதக் கூடாது. நாங்கள் எழுதினோம்.

தூத்துக்குடியில் எங்களுக்கு ஒரு சின்ன சாப்ட்வேர் ஆபீஸ் இருக்கிறது. சின்னது என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி, இரண்டு மேஜை, கரண்ட் போனால் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் ஒரு யூபிஎஸ். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற கம்பெனிகளுக்கு லாரி, சரக்கு, கேட் பாஸ் என்று ஏதாவது எழுதிக் கொடுப்போம். அந்தச் சமயத்தில் எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கை ஒரு உப்பு யார்டு. உப்பளங்களிலிருந்து ஜம்போ பைகளில் உப்பு லாரியில் வரும். ஒரு பை நம் நெஞ்சு உயரம் நிற்கும். லாரியை எடை மேடையில் ஏற்றி எடை போட்டபின், பைகளைக் கொக்கியில் சேர்த்துக் கோத்துக் கிரேன் தூக்கும். ஒரு தூக்குக்கு எத்தனை பை கோக்கலாம் என்று எடையைப் பார்த்துச் சொல்வது எங்கள் புரோகிராமின் வேலை.

அந்தக் கிரேனில் உட்கார்ந்திருந்தவர் என் அண்ணன்.

நாங்கள் புன்னைக்காயல்காரர்கள். அண்ணன் முதலில் அப்பாவோடு கடலுக்குப் போனார், பிறகு கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டு கரையேறிவிட்டார். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், அங்கே ஒரு நாசரேத்துக்காரரைப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். அவர்கள் சிஎஸ்ஐ, நாங்கள் ஆர்சி, சாதியும் வேறு. கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. மற்றவர்கள் வராததை எப்படியோ விழுங்கிக்கொண்டேன், அண்ணன் வராததுதான் தொண்டையிலேயே நின்றது.

மூன்று வருஷம் பேச்சில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன வெள்ளைச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீலா மீன். என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்து, "மாப்ளே, மீனு வெட்டத் தெரியுமா ஒமக்கு?" என்றார்.

"தெரியாது மச்சான்."

"பெறவு என்னத்தப் படிச்சீரு?"

அவ்வளவுதான் சமாதானப் பேச்சு. அன்றிலிருந்து ஞாயிறு மதியம் மூன்று தட்டு. அண்ணன் மீன் முள்ளை எடுத்துக் கொடுக்க, இவர் குழந்தை மாதிரிச் சாப்பிடுவார். அந்த இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு அத்தனை பிடிக்கும்.

யார்டு வேலை எங்களுக்கு ஒரு ஏஜென்ட் மூலமாகக் கிடைத்தது. அண்ணனிடம் சொன்னபோது, "எம் பேரச் சொல்லிக்கிட்டு உள்ள வராதிய" என்று மட்டும் சொன்னார். அதனால் நாங்கள் அவருக்கு என்ன உறவு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்டில் எதிரே பார்த்தால்கூடத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். கௌரவமா, இல்லை மிச்சமிருக்கிற கோபமா என்று எனக்குள் ஒரு உறுத்தல் இருந்துகொண்டேதான் இருந்தது. கேட்கத் தைரியமில்லை.

இனி புரோகிராமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிளாஸ் என்பது ஒரு அச்சு. லாரி என்றால் அதற்கு என்னென்ன உண்டு, அது என்னென்ன செய்யும் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் ஆயிரம் லாரிக்கும் அதுவே போதும். ஒரு கிளாஸுக்குள்ளேயே இன்னொரு கிளாஸை எழுதவும் செய்யலாம். லாரி ஒரு தடவை வந்து போவதை எங்கள் பக்கம் ஒரு நடை என்பார்கள். நான் 'நடை' என்று ஒரு கிளாஸ் எழுதி, அதற்குள்ளே 'எடைச்சீட்டு' என்று ஒன்றை வைத்தேன். லாரி வராமல் எடைச்சீட்டு ஏது? எடை மேடை சொன்ன எண்ணைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்வது மட்டும்தான் அந்த உள் கிளாஸின் வேலை.

இன்னொரு வசதியும் இதில் உண்டு. இருக்கிற கிளாஸுக்கு வாரிசாக இன்னொரு கிளாஸை உண்டாக்கலாம். அப்பன் குணமெல்லாம் பிள்ளைக்கு வந்துவிடும், வேண்டாத குணத்தைப் பிள்ளை மாற்றிக்கொள்ளலாம். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அப்பனுக்கு எங்கெல்லாம் அனுமதி உண்டோ அங்கெல்லாம் பிள்ளையும் அப்பன் பெயரைச் சொல்லி நுழைந்துவிடும், யாரும் தடுத்துக் கேட்க மாட்டார்கள். இதற்கு வாரிசே கூடாது என்று நினைத்தால் கிளாஸுக்கு முன்னால் ஃபைனல் என்று ஒரே ஒரு சொல் எழுத வேண்டும். எடைச்சீட்டின் முன்னால் நான் அதை எழுதித்தான் வைத்திருந்தேன்.

இவர் பார்த்துவிட்டார்.

"ஏளா, வீட்டுலயும் பூட்டு, இங்கனயும் பூட்டா? நாளைக்கு உப்புக்கு ஒண்ணு, கரிக்கு ஒண்ணுன்னு நான் எழுதணும்னா ஒவ்வொண்ணுக்கும் ஒங்கிட்ட வந்து நிக்கணுமோ?"

"வந்து கேளுங்களேன். கேட்டா வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்?"

அன்று முழுக்க அவர் என்னிடம் பேசவில்லை. பேசாமலிருப்பது அவருக்குக் கை வந்த கலை, எனக்கு அது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. சாயங்காலம் போல நானே இறங்கி வந்து அந்தச் சொல்லை அழித்தேன். அதற்குப் பதிலாகப் பாதிப் பூட்டு ஒன்று போட்டேன். அந்த உள் கிளாஸைப் பிறப்பிக்கிற வாசலை பிரைவேட் என்று எழுதி வைத்தேன். அப்படி எழுதினால் வெளியே இருந்து யாரும் அதற்கு வாரிசு உண்டாக்க முடியாது. ஆனால் அந்தத் தடை வெளியாளுக்குத்தான். அதே 'நடை'க்குள் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது செல்லாது. எனக்கு அது நன்றாகவே தெரியும். வீட்டுக்குள் இருக்கிற மனுஷனுக்கு எதற்குப் பூட்டு என்று நினைத்துக்கொண்டேன், அவரும் அதைப் பார்த்து மகா சந்தோஷமாக எனக்கு ஒரு டீ வாங்கி வந்தார்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் மதியம், ஞாயிறுகூட இல்லை, அண்ணன் ஆபீஸ் மாடிக்கு வந்தார். யார்டுச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"ஏளா, தண்ணி கொண்டா" என்றார். குடித்துவிட்டுச் சொன்னார்: "என்னைக் கிரேன விட்டு எறக்கிட்டானுவ."

முந்தைய நாள் மழையில் வந்த உப்பு. சீட்டில் போட்டிருந்த கணக்குப்படிதான் பைகளைக் கோத்திருக்கிறார்கள். தூக்கு தரையை விட்டு ஒரு ஆள் உயரம்கூட ஏறவில்லை, சுமை கூடிப்போச்சு என்று கிரேன் மீட்டரில் அலாரம் அடித்துவிட்டது. அண்ணன் அலுங்காமல் இறக்கி வைத்துவிட்டார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

"மேனேஜரு சொல்லுதாரு, சீட்டுல எடை சரியாத்தான் இருக்கு, நீரு வெடுக்குன்னு இழுத்திருக்கீரு, அதான் மீட்டரு ஏறிட்டுங்காரு. வயசாவுதுல்லா, கை தடுமாறுதுங்காரு." வலது கையை மேஜை மேல் விரித்து வைத்து, யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விசாரணை. எங் கைதான் தப்புன்னு எழுதிட்டாவன்னா பெறவு ஒரு யார்டுலயும் என்னை ஏத்த மாட்டாவ."

என் வீட்டுக்காரர் துடித்துப்போனார். "நீங்க கவலப்படாதீங்க மச்சான். அந்த மீட்டர்தான் கெட்டுருக்கும். சீட்டு நம்ம புரோகிராம்லா, அது தப்பா வராது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். சீட்டும் சரி, மீட்டரும் சரி என்று முடிவானால் அப்புறம் மிஞ்சுவது அண்ணன் கைதான் என்பது அவருக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார். சாப்பிடக்கூட நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எடை மேடையிலிருந்து வருகிற எண் முதலில் ஒரு பதிவில் விழும், அதற்கப்புறம்தான் சீட்டுக்குப் போகும். அந்த லாரியின் பதிவைத் திறந்தேன், சீட்டையும் திறந்தேன். இரண்டும் ஒன்றாக இல்லை. சீட்டில் எடை குறைவாக இருந்தது. 'நடை' ஃபைலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே போனேன். நான் எழுதிய எடைச்சீட்டுக்கு நேர் கீழே, நான் எழுதாத ஒன்று இருந்தது. 'உப்புச்சீட்டு'. எடைச்சீட்டின் வாரிசு. மொத்தமே ஆறு வரி. எடை என்ன என்று கேட்டால், ஈரத்துக்குக் கழித்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லும். அதை நம்பிக் கிரேன் கணக்கும் கூடுதலாகப் பை கோக்கச் சொல்லிவிடும். மழை பெய்ததால் முந்தின நாள்தான் என் வீட்டுக்காரர் கழிவைக் கூட்டியிருக்கிறார்.

இதைப் புரிந்துகொள்ள என் மாமனார் வீட்டைத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு ஆறுமுகநேரியில் உப்பளம். உப்பு வாங்க வருகிறவர் ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்ப்பார். விரலில் எவ்வளவு நீர் கசிகிறதோ அதற்குத் தக்கபடி எடையில் கழித்துக்கொள்வார், விற்கிறவரும் மறுபேச்சுப் பேசமாட்டார். மழை பெய்தால் கழிவு கூடும். அந்த வீட்டில் பிறந்தவருக்கு ஈரத்தோடு சேர்ந்த எடை என்பது ஒரு எடையே இல்லை. ஈரம் போக மிச்சம்தான் உப்பு. வியாபாரத்துக்கு அது சரி.

அண்ணன் போனபின் டீ வாங்கக் கீழே போயிருந்த இவர் திரும்பி வந்தார். திரையைக் காட்டினேன்.

"இது என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

"உப்புன்னா ஈரம் கழிக்கணும்லா" என்றார் சாதாரணமாக.

"கழிச்ச தண்ணி எங்கன போச்சு?"

"வடிஞ்சு போவும்."

"பைக்குள்ள பிளாஸ்டிக் உறை போட்டுத் தச்சிருக்கு. எங்கன வடியும்? அது கொக்கில தொங்கும்போது அந்தத் தண்ணியையும் சேத்து யாரு தூக்குதா?"

கையிலிருந்த டீயை வைக்க இடம் தெரியாமல் நின்றார். அப்புறம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தைக்குப் பஞ்சம் இருக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. ஃபைனல் என்ற அந்தச் சொல்லை அழித்தது நான்தானே.

என் புத்தி அப்போது போன போக்கையும் சொல்லிவிட வேண்டும். "மெஷின் கோளாறுன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்துருவோம். அண்ணனும் தப்பிச்சிரும், வாடிக்கையும் போவாது" என்றேன்.

"மெஷின் என்ன பாவம் பண்ணிச்சு? நான்லா எழுதுனேன்" என்றார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்காக நான் பட்டதெல்லாம் தகும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

எடைச்சீட்டின் முன்னால் மறுபடியும் ஃபைனல் என்று அடிக்கக் கையை வைத்தேன். "இரு, நான் அடிக்கேன்" என்று கீபோர்டை இழுத்துக்கொண்டார். அடித்த உடனே அவருடைய உப்புச்சீட்டின் கீழே, இது இனிமேல் செல்லாது என்று சிவப்புக் கோடு விழுந்தது. அந்த ஆறு வரியையும் அவரே அழித்தார். ஈரக் கழிவுக்கு வெளியே தனியாக ஒரு கிளாஸ் எழுதினார். அது எடைச்சீட்டை வாங்கிப் படிக்கும், வியாபாரிக்கு வேண்டியபடி கழித்தும் சொல்லும், ஆனால் நான்தான் எடைச்சீட்டு என்று சொல்லிக்கொண்டு கிரேன் கணக்குக்குள் போக முடியாது. எழுதி முடித்துவிட்டு அண்ணனுக்கு போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டதற்கு மதினி எடுத்து, அண்ணன் கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றாள். நேரில் போய்ச் சொல்வோம் என்றேன். "அவரு மொகத்தத் தனியா பாக்க எனக்குத் தெம்பு இல்ல. நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன்" என்றார். மூன்று வருஷம் பேசாதிருந்த மனுஷன் மறுபடி பேசாமல் போய்விடுவாரோ என்ற பயம்தான். வாடிக்கை போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலையில் பைக்கில் போகும்போது நான் ஒன்றைச் சொல்லி வைத்தேன். "அங்க வச்சு மச்சான்னு கூப்பிட்டுராதீங்க. சொந்தக்காரன்னு தெரிஞ்சா, காப்பாத்ததுக்குப் பொய் சொல்லுதோம்னு நினைப்பாவ. பெறவு நாம சொல்லுத உண்மைக்கும் மதிப்பு இருக்காது." அவர் தலையை ஆட்டினார்.

மேனேஜர் அறையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேனேஜர் உட்காரச் சொல்லியும் என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. பதிவிலிருந்த எண்ணையும் சீட்டிலிருந்த எண்ணையும் எழுதிய தாளை மேஜையில் வைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். கிளாஸ், வாரிசு என்றெல்லாம் ஆரம்பித்துத் தடுமாறி, கடைசியில், "சார், நான் ஈரத்தக் கழிச்சிட்டேன். கிரேனுக்கு ஈரம் உண்டு. அவரு கையில ஒரு தப்பும் இல்ல. தப்பு எங் கையில" என்று முடித்தார். அண்ணன் அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தார்.

மேனேஜர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். எங்கள் குடும்பத்து மூக்கு ஊரில் பிரசித்தம், ஒரு தடவை பார்த்தால் மறக்காது. அவருக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும்.

"இவங்கள உமக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அண்ணனிடம் கேட்டார்.

தெரியாது என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் இன்றைக்கே கிரேனில் ஏறிவிடலாம். தெரியும் என்று சொன்னால் இவர் சொன்னதெல்லாம் ஜோடனையாகிவிடும். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் யோசிக்கக்கூட இல்லை.

"தெரியாம என்ன? இது எந் தங்கச்சி. இவரு எம் மாப்ள. நாங்கதான் நல்ல எடம்னு பாத்துக் கட்டி வச்சோம்."

மேனேஜர் தாளை அந்தப் பக்கம் தள்ளினார். "அப்ப நான் இதை எப்படி நம்புறது?"

"நம்பாண்டாம். நான் எறக்கி வச்ச பை அங்கனதான் கெடக்கு. லாரில ஏத்தி எடையப் போடுங்க" என்றார் அண்ணன்.

போட்டார்கள். எல்லாரும் எடை மேடையைச் சுற்றி நின்றோம். வெறும் லாரியின் எடையைக் கழித்துவிட்டு, பைகளின் எடையை அங்கிருந்தவர் உரக்க வாசித்தார். பதிவை வைத்து அந்தப் பைகளுக்கு எங்கள் தாளில் போட்டிருந்த கணக்கு அதுவேதான். மேனேஜர் அதைத் தானும் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, அண்ணனைக் கிரேனுக்குப் போகச் சொன்னார். எங்களிடம், ஒரு மாதத்துக்குக் கையால் எழுதிக்கொள்கிறோம், உங்கள் புரோகிராமைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

அண்ணன் ஏணியில் கால் வைக்கப் போனவர் நின்று, "மாப்ளே, இனும தண்ணியையும் சேத்து எழுதும். நான்லா தூக்கணும்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். குரலில் கோபம் இருந்தது, நியாயமான கோபம்.

திரும்பி வரும்போது ரோடு ஓரமெல்லாம் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. வாடிக்கை போனதைப் பற்றி இவர் பேசுவார் என்று காத்திருந்தேன். பைக்கை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார். ரவுண்டானா தாண்டியதும் தலையைப் பாதி திருப்பி, "ஏளா, மச்சான் என்ன சொன்னாரு? கட்டி வச்சோம்னா?" என்றார்.

"ஆமா."

கொஞ்ச தூரம் போனபின், "நாங்கதான் பாத்துக் கட்டி வச்சோம்னா சொன்னாரு?" என்றார்.

"ஆமாங்க. அப்படித்தான் சொன்னாரு. ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன். அவர் மூன்றாவது தடவையும் கேட்டார்.